குடோனுக்காகப் பாதி இலையில் எழுந்த விஷயம்

ஓமலூர் மாப்பிள்ளை சென்னிமலைக்கு, ஆட்டையாம்பட்டியிலிருந்து உன் மாமன் பச்சமுத்து சொல்லச் சொல்ல, போர்டு எழுதும் வேலுமணி எழுதுவது. இங்கே நானும் எருமையும் சுகம். அங்கே நீயும், கோபித்துக்கொண்டு உன் ஊட்டிலேயே தங்கிவிட்ட என் பொஞ்சாதி, உன் அக்கா அத்தாயியும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ரொம்ப சுகமாக இருந்தால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதால் அளவாகத்தான் வேண்டியிருக்கிறேன்.

நிற்க. அன்று உன் ஊட்டு விருந்தில் நான் பாதி இலையில் எழுந்தது தப்பா, நீ பேசினது தப்பா, நீயே சொல். என் மகன் இளவழகன் ஜவ்வரிசி மூட்டை அடுக்கப் பெரிதாக ஒன்று கட்டியிருக்கிறான், வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வா என்று மரியாதையாக அழைக்கத்தான் வந்தேன். கிடங்கு என்று நான் வாயைத் திறந்ததும், "அது குடோனுங்க மாமா, சுத்தமான இங்கிலீசு. வெள்ளக்காரன் படியில கீழ எறங்கிப் போயிச் சாமான் வெச்சான், கோ டவுன்னு பேரு வந்துச்சு. இதுகூடத் தெரியலீங்களா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாய். இறங்கிப் போனவன் வெள்ளைக்காரனா? என் அப்பன் காலத்தில் பூமிக்குள் குழி வெட்டித்தான் சோளம் கொட்டி வைத்தோம். திறந்ததும் உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், அது அணையாவிட்டால் அடுத்தது என்னை இறக்கிப் பார்ப்பார்கள். அந்தக் குழிக்குத்தான் கிடங்கு என்று பேர். மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய் வந்த என் சித்தப்பன், அங்கே அதைக் குடாங் என்கிறார்கள் என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நம்ம சொல் கப்பலேறிக் குடாங் ஆகி, வெள்ளைக்காரன் வாயில் குடோன் ஆகி, பொறந்த ஊட்டுக்கே வந்திருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் வேறு சேலையில் வந்தால், நீ யாரம்மா என்று கேட்பாயா? இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் அக்கா, "என் தம்பி பத்து வரைக்கும் படிச்சவன், நீங்க பேசாம ரசத்த ஊத்திக்கங்க" என்றாள். எழுந்துவிட்டேன். பாயசம் இருப்பது தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு எழுந்திருப்பேன். வாசலில் நின்று, வா போகலாம் என்று அவளைக் கூப்பிட்டால், "பொஞ்சாதியக் காட்டியும் கெடங்கு பெருசாப் போச்சுங்களா? அங்கயே போயிக் கெடங்க!" என்கிறாள்.

இப்போது அவள் இல்லாமல் யார் பால் காய்ச்சுவது? நான் அடுப்பு மூட்டினால் தீயணைப்பு வண்டிதான் முதல் விருந்தாளி. நேற்று நான் வைத்த ரசத்தை மோந்து பார்த்துவிட்டு எருமை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது உன் அக்கா பார்வை. ஆகவே வெள்ளிக்கு முன்னால் அவளை அனுப்பிவை. ஆனால் சொல்லில் விட்டுக்கொடுக்க மாட்டேன், உயிரே போனாலும் அது கிடங்குதான்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு வேண்டியதை நேரில் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டு: பச்சமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வேலுமணி, "ஏனுங்கய்யா, இதுக்கா சண்ட? இளவழகன் தம்பி போர்டுல எழுதச் சொன்னது வேர்ஹவுஸுங்க" என்கிறான். போர்டை மாட்டியாகிவிட்டது. படிக்கத் தெரியாத நான் காலையில் அதற்குத் தேங்காயும் உடைத்துவிட்டேன். மாப்பிள்ளை, மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. அது குடோன்தான், இறங்கிப் போனவன் வெள்ளைக்காரன்தான். அக்காவைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வா, இளவழகனை நாம் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம். போர்டில் இருப்பது எவன் இங்கிலீசோ. குடோன் நம்ம இங்கிலீசு.