கன்னியம்மாவின் முட்டி

"வூட்ல கம்ப்யூட்டர் ஒண்ணு, லிஸ்ட்ல நம்பரு ரெண்டு. எவன்டா அவன்?"

எர்ணாவூர்த் தொழிற்சாலை ஒன்றில் குணசேகரன் இருபது வருஷமாக கேட் செக்யூரிட்டி. பாஸ் இல்லாமல் பூனைகூட உள்ளே போக முடியாது. அப்பேர்ப்பட்டவர் வீட்டு வயர்லெஸ் நெட்டில் எவனோ புகுந்திருக்கிறான். மகள் சௌமியாவின் லேப்டாப்பில், நெட்டில் சேர்ந்தவர்கள் லிஸ்டில், அவன் மெஷின் நம்பர் பன்னிரண்டு எழுத்தில் பல்லைக் காட்டியது. கேட்கலாமென்றால் அவள் காலேஜ் கேம்ப் போயிருந்தாள்.

"நெட்டு இன்னா சோறாய்யா, இன்னொருத்தன் துன்னா கொறஞ்சுடுமா?" என்றாள் மனைவி கன்னியம்மா, மீன் அலசியபடி.

பாஸ்வேர்டை மாற்றினார். கேட் வழக்கப்படி அதை நோட்டில் ஏற்றி, தேதி, நேரம், கையெழுத்துப் போட்டு, வாசல் ஆணியில் மாட்டினார். ரிஜிஸ்டரில் ஏறாதது எதுவும் அவருக்கு நடந்ததாகவே கணக்கில்லை.

மறுநாள் அதே நம்பர் உள்ளே உட்கார்ந்திருந்தது. இருபது எழுத்தில் மாற்றி, அதையும் ஏற்றினார். சாயந்திரத்துக்குள் ஆள் ஆஜர்.

"பலே கில்லாடி மே! இந்த மாதிரி மூளைய நான் பாத்ததே இல்ல," என்றார் குணசேகரன் மனசார.

கன்னியம்மா ஏனோ சிரித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அந்த நம்பரையே பிளாக் செய்து, அதையும் நோட்டில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றைக்குத்தான் பேஜார் ஆரம்பித்தது. கன்னியம்மாவின் முட்டி பேச்சை நிறுத்தியது.

அது சாதாரண முட்டி இல்லை. கடலில் காற்று எழும்புவதற்கு முதல் நாளே வலிக்கும். ஒரு வருஷமாக ஒருநாள்கூடத் தப்பியதில்லை. அவர்கள் மீனவக் குப்பத்தின் பதினெட்டுப் படகும் அதைக் கேட்காமல் இறங்காது. அதற்கு முன்பு, ரேடியோ கெட்டுப்போகாத காலத்தில், அவள் அதில் கேட்டுவிட்டு, "காத்து வருது, போவாதீங்க" என்றபோது, "பொம்பள பேச்ச கேட்டு வலைய மடிக்கறதா?" என்று சிரித்தவர்கள்தான் எல்லோரும். முட்டி சொன்னால் மட்டும் அடங்கினார்கள். போன கார்த்திகையில் பக்கத்துக் குப்பத்தில் இரண்டு படகு உடைந்தபோது இங்கே ஒரு கட்டைகூட நனையவில்லை. பெண்டாட்டியின் முட்டியை நினைத்தாலே குணசேகரனுக்கு நெஞ்சு நிமிரும்.

மத்தியானம் அவள் தம்பி தேசப்பன் வந்தான். "எக்கா, நாளைக்கு எறங்கலாமா?"

கப்பல் வேலைக்குப் போன மகன் பிரகாஷ் போன வருஷம் தந்த ஃபோனை ஒருதரம் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு இடுப்பில் செருகினாள். "முட்டி ஒண்ணியும் சொல்லலடா."

"வலி இல்லன்னா நல்லதுதானே?"

"காத்து இல்லன்னாலும் லேசா குறுகுறுக்கும்டா. இப்போ சுத்தமா கம்முனு கீது."

படகுகள் கரையிலேயே நின்றன. குணசேகரன் தைலம் வாங்கிவந்து தானே தேய்த்தார். மறுநாள் ஆட்டோ வைத்து வைத்தியரிடம் கூட்டிப்போய், முட்டிக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார். நன்றாக இருந்த கால் மடக்க முடியாமல் போனதுதான் மிச்சம். முட்டி பேசவில்லை.

அதற்கும் மறுநாள் தேசப்பன் பொறுமை இழந்தான். "வானம் சுத்தமா கீது. வெடிகாலைல எறங்குறோம்."

"போவாத தம்பி."

"முட்டி சொல்லிச்சா?"

"இல்ல. நான் சொல்றேன்."

தேசப்பன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கன்னியம்மாவின் கண் கலங்கியது. பதினெட்டுப் படகு, எழுபது உயிர். குணசேகரன் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்டியாச்சும் வலிக்க வெய்யி மே! இன்னா வைத்தியம் வோணும்னாலும் செய்யறேன்."

அந்த நேரத்தில்தான் சௌமியா பையும் கையுமாக வந்தாள். அம்மா ஃபோன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். ஆணியில் தொங்கிய நோட்டைப் புரட்டினாள். கடைசி வரியைப் படித்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"யப்பா, தைலம்லாம் வோணாம். நீ பிளாக் பண்ணிகீறியே அந்த நம்பரு, அத்த தொறந்து வுடு. பத்தே நிமிசத்துல அம்மாவுக்கு முட்டி வலிக்கும்."