சனி பிடித்தவர்

ஓய்வுநாள் உத்தமரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒருவர் நிச்சயம். ஓசூர் சிப்காட் பக்கம் வந்தால் ஷிப்டுக்கு ஒருவர். மற்ற மனிதர்கள் களைத்துப்போய் ஓய்வெடுப்பார்கள். இவர், வேதம் சொன்ன ஓய்வுநாள் சனிக்கிழமைதான் என்ற கொள்கைக்காக ஓய்வெடுப்பவர். மற்றவர்கள் படுத்தால் அலுப்புப் போகும். இவர் படுத்தால் உங்கள் ஆத்துமா போகும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அடிக்கடி வெளியே வந்து சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏனென்றால் அவருடைய சனிக்கிழமை வெள்ளிக்கிழமை அஸ்தமனத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு மறுநாள் அஸ்தமனம் வரை கடைக்குப் போகமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் போனால் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லுவார். மோட்டார் சுவிட்சைத் தொடமாட்டார், தொட்டி நிரம்பியதும் குளிப்பார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், "ஞாயித்துக்கிழமைன்னு வேதத்துல ஒரு இடத்துல காட்டு, நான் பேச்சை நிறுத்திருதேன்" என்று ஆரம்பிப்பார். யாரும் காட்டியதில்லை. அவரும் நிறுத்தியதில்லை.

வெங்கடசாமிக்கு வாய்த்த உத்தமரின் பெயர் ஜெயசிங். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூரில் இருபது வருஷமாகியும் பேச்சில் ஊரை விடாதவர். வண்டிகளுக்கான பல்சக்கரங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறையில் இருவருக்கும் ஒரே ஃபர்னஸ். கெலமங்கலம் சாலையில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. ஃபர்னஸ் ஏழு நாளும் எரியும், அணைக்கக் கூடாது. ஆகவே ஓர் ஏற்பாடு: சனிக்கிழமை ஜெயசிங்குக்கு ஓய்வு, வெங்கடசாமி பார்த்துக்கொள்வான், ஞாயிற்றுக்கிழமை வெங்கடசாமிக்கு ஓய்வு, ஜெயசிங் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதை அவர் வேலையாகவே நினைக்கவில்லை. அது ஊழியம். சர்ச்சுக்குப் போகிறவர்கள் பார்க்கும்படி யூனிஃபார்மோடு மெயின் ரோட்டில் நடந்தே போவார்.

பட்டறையில் அவருக்குச் 'சனி புடிச்சவரு' என்று பெயர். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "ஆமா, இறுக்கிப் புடிச்சிருக்கேன். கடைசி வரைக்கும் விடமாட்டேன்" என்பார். அதற்குமேல் யார் என்ன கிண்டல் செய்ய?

ஷிப்ட் இன்சார்ஜ் அருள்தாஸும் கிறிஸ்தவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர். இருவருக்கும் தகராறு நாளில் மட்டுமல்ல, நரகத்திலும்தான். அருள்தாஸின் சபையில் துன்மார்க்கன் அவியாத நெருப்பில் என்றென்றைக்கும் வேகிறான். ஜெயசிங்கின் சபையில் ஒரேயடியாக எரிந்து சாம்பலாகிறான், அத்தோடு சரி. டீ நேரத்தில் இந்த வழக்கு நடக்கும். வழக்கு நடக்க ஒரு துன்மார்க்கன் வேண்டுமே? வெங்கடசாமி கையில் கிளாஸுடன் உட்கார்ந்திருப்பான்.

"இப்ப நம்ம வெங்கடசாமியையே எடுத்துக்குவோம்" என்று அருள்தாஸ் ஒருநாள் ஆரம்பித்தார்.

"டீயைக் குடிச்சு முடிச்சுக்கறன் சார். அப்புறமா எடுத்துக்குங்க."

"நல்லவன்தான். ஆனா எரிஞ்சுகிட்டே இருப்பான். அதுக்கு முடிவே கிடையாது" என்றார் அருள்தாஸ், சொந்தத் தம்பிக்கு வரன் பார்க்கிற அக்கறையோடு.

ஜெயசிங்குக்குப் பொறுக்கவில்லை. "ஆண்டவர் அவ்வளவு கொடூரமானவரா சார்? தம்பி, நீ பயப்படாத. நீ ஓய்வுநாள்ல வேலை செய்யுத, அதனால நியாயப்படி அழிவுதான். ஆனா ஒரே தடவை. புஸ்ஸுன்னு முடிஞ்சிரும். அதுக்கப்புறம் உனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது."

"சனிக்கிழமை நான் உங்க வேலையைத்தானுங்கண்ணா செய்யறன். அப்ப நான் எரியறது உங்க கணக்குலயா, என் கணக்குலயா?"

"வேலை என்னுது. கை உன்னுது" என்றார் ஜெயசிங்.

"சரிங்கண்ணா, சாம்பல்னா எனக்கும் சரிதான். எங்க ஜனத்துல எப்படியும் எரிக்கத்தான் எரிப்பாங்க." வெங்கடசாமி கிளாஸைக் கீழே வைத்தான். "ஒரு டவுட்டு சார். அங்கயும் ஏழு நாளும் ஃபர்னஸ் ஓடுதுன்னா, சனிக்கிழமை யாரு நின்னு பாத்துக்கறது?"

அருள்தாஸ் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீ. ஜெயசிங்கின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. நரகத்தில் நெருப்பு நிற்காமல் எரிந்தால் ஓய்வுநாள் மீறப்படுகிறது, ஆகவே எரியாது, ஆகவே சாம்பல்தான். அந்த வாரமே இதைத் தன் சபையில், ஜெபத்தில் தனக்கு உணர்த்தப்பட்டதாகச் சாட்சி சொன்னார். உணர்த்தியவன் அந்த நேரத்தில் அவருக்குப் பதிலாக ஃபர்னஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு புரட்டாசி வந்தது.

புரட்டாசி வந்தால் ஜெயசிங்குக்குக் கொஞ்சம் சங்கடம். வருஷம் முழுக்கச் சனிக்கிழமையைத் தனி ஆளாகக் காப்பாற்றிய மனிதருக்குத் திடீரென்று ஊரே போட்டிக்கு வந்துவிடுகிறது. கறிக்கடை ஈயாடும், எங்கே பார்த்தாலும் நாமம், எந்தத் தெருவிலும் கோவிந்தா சத்தம். வெங்கடசாமி வீட்டில் மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவார்கள். பொங்கல், வடை, சுண்டல் எல்லாவற்றையும் படைத்து, வீட்டு ஆண்பிள்ளை நாமம் போட்டுக்கொண்டு மாவிளக்கை ஏற்றிக் கோவிந்தா சொல்ல வேண்டும். போன வருஷம் வெங்கடசாமி ஃபர்னஸ் பக்கத்தில் நின்று போனில் கோவிந்தா சொன்னான். அவன் மனைவி மேகலா போனை விளக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். பாதியில் சிக்னல் போய்விட்டது.

"இந்த வருசமும் போன்லதானா? பேசாம உங்க போனுக்கே நாமம் போட்டு உக்கார வச்சுடறன்" என்றாள் மேகலா.

ஆகவே வெங்கடசாமி ஜெயசிங்கிடம் போய் நின்றான். "அண்ணா, வருசத்துல ஒரே ஒரு சனிக்கிழமை. நீங்க ஃபர்னஸைப் பாத்துக்கிட்டா நான் வீட்ல விளக்கேத்திடுவன்."

கேட்டது என்னவோ ஒரு ஷிப்ட். பதில் படைப்பிலிருந்து ஆரம்பித்தது. ஆறு நாள், ஏழாம் நாள், சீனாய் மலை, கற்பலகை என்று ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் புரட்டாசிக்கு வந்துசேர்ந்தது. "நீ பேசாம தளிகையை வெள்ளிக்கிழமை வச்சுக்கிடேன் தம்பி. பொழுது சாயுறதுக்கு முன்னாடின்னா நானே வந்து பந்தல் கட்டித் தாரேன்."

"உங்க ஓய்வுநாளை நீங்க ஞாயித்துக்கிழமை வச்சுக்குவீங்களா?"

"அது எப்படி முடியும்? அது தேவன் குறிச்ச நாள்லா" என்றார் ஜெயசிங், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அருள்தாஸிடம் போனால் அவர் கையை விரித்தார். "ஃபர்னஸ் முன்னாடி எனக்கு ஒரு ஆள் வேணும். அவன் எந்தச் சாமிக்கு ஆளா இருந்தாலும் சரி. நீங்களே பேசிக்குங்க." பேசிப் பார்த்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை வெங்கடசாமி வேலைக்குப் போனான்.

மேகலா பொங்கலை மட்டும் வைத்துப் படைத்தாள்; மாவிளக்கைக் கடைசிச் சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தாள். பிறகு ஒரு தூக்கில் பொங்கலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அது வருஷா வருஷம் நடப்பது. படைத்ததை ஜெயசிங் சாப்பிடமாட்டார், ஆனால் பொங்கலுக்கும் அவருக்கும் எந்த விரோதமும் கிடையாது. ஆகவே படைப்பதற்கு முன்பே அவருக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்துவிடுவது அந்த இரு வீடுகளுக்கும் உள்ள ஒப்பந்தம்.

ஜெயசிங் ஓய்வாக இருந்தார். அவர் மனைவி சலோமி, அவர் ஓய்வெடுப்பதற்காக வெள்ளிக்கிழமையே இரண்டு நாள் சமையலையும் முடித்துவிட்டு, கால் வலியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டு, முந்திரியைத் தேடி எடுத்து, விரலையும் வழித்த பிறகு மேகலா வாசலிலிருந்து சொன்னாள்:

"ஒரு தப்பு நடந்துபோச்சுங்கண்ணா. உங்களுக்கு முன்னாடியே எடுத்து வைக்கறது எப்பவும் எங்க வீட்டுக்காரருதான். போன வருசம் போன்லயாவது எடுத்து வைக்கச் சொன்னாரு. இன்னைக்கு அவரு உங்க வேலைக்குப் போயிட்டாரா, எனக்கு அது ஞாபகமே இல்ல."

ஜெயசிங்கின் விரல் வாயருகில் நின்றது. சலோமி பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு சனிக்கிழமை வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது ரெண்டு வீட்டோட இருக்கட்டும். உங்க சபையில எதுக்கு வீணாத் தெரிஞ்சுகிட்டு?" என்று மேகலா தூக்கை வாங்கிக்கொண்டாள். "கடைசிச் சனிக்கிழமை அவரு வீட்ல இருந்தாருன்னா இந்த மாதிரி மறதியெல்லாம் வராதுங்கண்ணா."

மாலையில் வெங்கடசாமி கேட்டான்: "நெசமாவே மறந்துட்டியா?"

"ஒரே பானைப் பொங்கல். படைச்சது எது, படைக்காதது எதுன்னு பொங்கலுக்கே தெரியாது. எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் மேகலா.

அந்த வாரம் டீ நேரத்தில் ஜெயசிங்கின் உபதேசத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது: அறியாமல் செய்தவர்கள். அவர்களுக்கு அவியாத நெருப்பும் கிடையாது, சாம்பலும் கிடையாதாம். ஆண்டவர் உள்ளத்தைப் பார்க்கிறாராம். இவ்வளவு இரக்கம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அருள்தாஸுக்குப் புரியவில்லை. வெங்கடசாமி டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசிச் சனிக்கிழமை ஜெயசிங் பட்டறைக்கு வந்தார். வேலைக்கு அல்ல. ஃபர்னஸுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, சத்தம் ஒரு மாதிரி வருகிறது. நோயாளியைச் சந்திப்பது ஓய்வுநாளில் அனுமதிக்கப்பட்டது என்று அருள்தாஸிடம் விளக்கினார். யூனிஃபார்ம் போடவில்லை. ஷிப்ட் முடியும்வரை நோயாளியின் பக்கத்திலேயே நின்று, உஷ்ணம் பார்த்து, தட்டு ஏற்றி, தட்டு இறக்கி ஆறுதல் சொன்னார். வெங்கடசாமி பெரிய நாமமாகப் போட்டுக்கொண்டு மாவிளக்கை ஏற்றிக் கோவிந்தா சொன்னான். சிக்னல் போகவில்லை. ஜெயசிங்குக்கு ஒரு கிண்ணம் முன்கூட்டியே எடுத்துவைத்து மூடியிருந்தது. இருந்தாலும் சாயங்காலம் வந்தவர், மூடியைத் திறப்பதற்கு முன் மேகலாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குச் சனிக்கிழமையும் இல்லை, சபையும் இல்லை, யாரையும் சாம்பலாக்கும் உத்தேசமும் இல்லை. நல்லது. இதை நீங்கள் படிப்பது பெரும்பாலும் ஒரு விடுமுறை நாளாக இருக்கும், காலை நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள், உள்ளே குக்கர் விசில் அடித்திருக்கும். எத்தனை விசில் என்று கேட்கவில்லை.

அடுப்புக்கு முன்னால் நிற்பது யார் என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, நீங்களும் அறியாமல் செய்தவர் பிரிவில் சேர்ந்துகொள்ளலாம். அதில் இன்னும் இடம் இருக்கிறதாம், ஜெயசிங் சொல்கிறார்.