அரை ஏக்கர் உப்பும் கட்டுப்படியாகும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும், நீங்கள் வேலை பார்க்கும் வங்கியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையை விற்றுவிட்டுக் கடலோரம் அரை ஏக்கர் உப்பளம் குத்தகைக்கு எடுக்கப்போகிறேன் என்றபோது, நீங்கள் கை கழுவிக்கொண்டே, "சின்ன உப்பளம் கட்டுப்படியாகாது மாமா. லாரி வாடகையே உப்பைத் தின்னுடும்" என்றீர்கள். கடன் விண்ணப்பங்களைத் தள்ளித் தள்ளிப் பழகிய வாய் என்று அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன்.

ஆரம்பத்தில் சறுக்கல்தான். பாத்தியின் தரையை இறுக்காமல் கடல்தண்ணீரை விட்டதில், காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையையும் பூமி குடித்துவிட்டிருந்தது. சரியென்று நானும் உங்கள் அத்தையும் வழுக்காமலிருக்கக் கைகோத்துக்கொண்டு பாத்தி முழுக்க மிதித்தோம், கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் கைகோத்தது அதுதான் முதல் தடவை. மிதித்த தரையில் தண்ணீர் நின்றது, ஆனால் வாடகைப் பம்பின் குழாயை நான் மாற்றி மாட்டியதில், நாள்கணக்கில் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட உப்புத்தண்ணீரெல்லாம் புறப்பட்ட கடலுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு வழியாக விளைந்ததை ஆசை ஆசையாக அழுத்தி வாரினால் பாதிக்குப் பாதி சேறு. டவுன் மொத்த வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சாக்கு நல்ல சாக்குங்க" என்று மட்டும் சொன்னார். லாரி வாடகை உப்பைத் தின்றது. சாக்கையும் ஒரு பார்வை பார்த்தது. அதுவரைக்கும் நீங்கள் சொன்னதுதான் சரி.

அன்றைக்கு உப்புக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடையை விற்றது தப்போ என்று தோன்றியது. உங்கள் அத்தை வந்து நின்றாள்.

"எதுக்கு டவுனுக்குத் தூக்கிட்டு அலையணும்? எதிர்லயே மீன் காயப்போடுற கொட்டகை இருக்கே. கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். கொட்டகைக்கார அம்மா ஒரு கல் உப்பை விரலால் நெரித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பழுப்பா இருக்கும்..." என்று நான் இழுத்தேன்.

"சேத்தை மட்டும் உப்புத்தண்ணியிலயே நல்லா அலசிட்டுக் கொடுங்க. பழுப்பா இருந்தா என்ன, மீன் கண்ணாடி போட்டுப் பார்க்கவா போகுது? பெரிய கம்பெனிக்காரங்க ஒரு லாரிக்குக் குறைஞ்சு இறக்க மாட்டேங்கிறாங்க. இங்க வெச்சா ஈரம் பிடிச்சுக் கரையுது. மீன் வர்ற அன்னிக்கு நாலு மூட்டை, நாலே மூட்டை, கொடுக்க முடியுமா?"

"முடியும்" என்றாள் உங்கள் அத்தை, என்னைக் கேட்காமலே.

மாப்பிள்ளை, அதுதான் சூட்சுமம். லாரி நுழையாத இடத்தில் தள்ளுவண்டி நுழையும். இந்த மாதம் குத்தகை, பம்பு வாடகை எல்லாம் போகக் கையில் காசு நின்றது. கொஞ்சம்தான். ஆனாலும் நின்றது. தெருவில் இப்போது என்னை யாரும் கண்ணாடிக்கடைக்காரர் என்று கூப்பிடுவதில்லை. "உப்புக்காரரே" என்கிறார்கள். சிலசமயம் காதில் விழாத மாதிரி நடக்கிறேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. உப்புதான் இனி என் தொழில். வேறு எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதாக இல்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழவும், உங்கள் மேசைக்கு வரும் சின்னத் தொழில்காரர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்கவும் ஆசீர்வதிக்கும்,
மாமனார் (உப்பு உற்பத்தியாளர்)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரோடு போடுகிற கான்ட்ராக்டர் வந்தார். உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரைத் தெளித்தால் மண்ரோட்டில் புழுதி அடங்குமாம். அதை இத்தனை நாளும் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தோம். அதற்கு அவர் தருவதாகச் சொன்னது, உப்பில் எங்களுக்கு வருவதைவிட அதிகம். "அப்போ உப்பை என்னங்க பண்ணுவீங்க?" என்று என்னைப் பார்த்து அனுதாபமாகக் கேட்டார்.

"அது பாட்டுக்கு வருதுங்க, நிறுத்த முடியலை" என்றாள் உங்கள் அத்தை.