பருந்துத் தடுப்புக் குழுவின் மகத்தான வெற்றி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஏதாவது நடந்தது என்றால், ஏரிக் கண்காணிப்பு அலுவலகத்தில் 'பருந்துத் தாக்குதல் தடுப்புக் குழு' அமைக்கப்பட்டதுதான்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு டிரோன் இருந்தது. அதைப் பறக்கவிடுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'பைலட்' என்றார்கள். அவர் மனைவி மட்டும் 'ஏங்க' என்றாள். பைலட் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்கும் உத்தரவு இயக்குநரின் மேஜையில், ஒரு கையெழுத்துக்காகத் தவமிருந்தது.

மொட்டைமாடி ஏவுதளத்திலிருந்து டிரோன் கிளம்பிய முதல் நாளே, பருந்து ஒன்று மேலிருந்து பாய்ந்து ஓர் அறை விட்டது. குழு அவசரமாகக் கூடியது.

"சார், பக்கத்து டவர்ல அது கூடு கட்டியிருக்கு. குஞ்சுங்க இருக்கு. வேற இடத்துலேருந்து விட்டா ஒண்ணும் பண்ணாது" என்றார் பைலட்.

"ஏவுதளத்துல என் பேர் பொறிச்ச கல்வெட்டு இருக்கு. அதைத் தலையில தூக்கிட்டு வரீங்களா?" என்றார் இயக்குநர்.

பைலட்டுக்குக் கையெழுத்து ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். அதையும் ஓர் 'ஆக்கபூர்வமான பங்களிப்பு' என்று குழு பாராட்டியது.

முதல் நடவடிக்கையாக, டிரோனின் முதுகில் முறைக்கிற கண்கள் இரண்டு வரையச் சொன்னார்கள். பெயிண்டர் கலைஞர், சும்மா விடுவாரா? இமைக்கு மை தீட்டி, வில்லாகப் புருவமும் வைத்துவிட்டார். மறுநாள் பருந்து தன் ஜோடியையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அடுத்து, உதவி இயக்குநரின் பழைய கோட்டை மாட்டி மாடியில் ஒரு பொம்மையை நிறுத்தினார்கள். பருந்து அதன் தலையில் உட்கார்ந்து இறகு கோதியது. ஊழியர்கள் இரண்டு பேர் பொம்மையிடம் விடுப்பு கேட்டு, அது மறுக்காததால் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதற்கிடையில் பைலட்டின் வீட்டில் வேறு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நம்ம தெருவுக்குப் பின்னால ஏரிக்கரை கசியுது. போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. சிவப்பு ஒயர் சுற்றிய துடைப்பத்தால் வாசல் ஈரத்தைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். அந்த ஒயரைச் சுற்றிக் கொடுத்தவர் பைலட்தான். அவர் அந்த வீட்டுக்குச் செய்த கடைசி ரிப்பேர் அது.

"நான் எப்படிப் பாக்கறது? பருந்து விவகாரம் தீர்ற வரைக்கும் டிரோனை வெளியே விடக்கூடாதுன்னு இருக்காங்களே!"

"கண்ணு உங்களுக்கு இருக்கா, டிரோனுக்கு இருக்கா?"

டிரோனுக்குப் புருவமே இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தவிர, ஏரியை நடந்து போய்ப் பார்த்தால் அது வெறும் 'வேடிக்கை'. டிரோன் பார்த்தால்தான் 'கண்காணிப்பு'. இந்த நுட்பம் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது.

அவளே போய்க் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாள். பைலட் அதைத் தயங்கித் தயங்கி இயக்குநரிடம் நீட்டினார்.

"இது கீழேருந்து எடுத்த படம்யா. நம்ம நடைமுறைப்படி ஏரி மேலேருந்துதான் தெரியணும்."

அன்றே குழு தன் இறுதி நடவடிக்கையை எடுத்தது. டிரோனைப் பஞ்சு வைத்த பெட்டியில் பூட்டி, ஏசி அறை பீரோவின் உச்சியில் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு தாக்குதல்கூட இல்லை. 'முழு வெற்றி' என்று கேக் வெட்டினார்கள். பைலட் கைதட்டினார்.

மழை வந்தது. கரை, யாருடைய அனுமதியையும் கேட்காமல் உடைந்தது. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. தெருவே மொட்டைமாடிகளில் ஏறி நின்றது.

இப்போதுதான் இயக்குநர் டிரோனை எடுக்கச் சொன்னார். பத்திரிகைக்காரர்களுக்கு வெள்ளத்தை 'அழகாக' காட்ட வேண்டுமே! அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர் என்பதால் பாலத்திலிருந்து பறக்கவிட்டார்கள். பருந்து ஏனென்றுகூடக் கேட்கவில்லை.

"அந்த மாடியில நனைஞ்ச மெத்தையெல்லாம் கிடக்கே, அங்கே இறக்குங்க. சோகம் நல்லா விழும்."

"சார்... அது என் வீடு."

"ரொம்ப நல்லது. வழி தெரியும்ல? இறக்குங்க!"

பைலட் இறக்கினார். திரையில் அவர் வீட்டுப் பாத்திரங்கள், ஈரத் துணி, தலைகீழாகக் கிடக்கும் நாற்காலி எல்லாம் தெரிந்தன. திடீரென்று பக்கவாட்டிலிருந்து என்னவோ விரிந்து வந்தது. படார்! திரை இருண்டது.

மறுவாரம் விசாரணை. கடைசிக் காட்சியைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் குழு ஆராய்ந்தது.

"இதுவரைக்கும் பாக்காத இனம் சார். இறகு எப்படி விறைப்பா விரிஞ்சிருக்கு பாருங்க" என்றார் உதவி இயக்குநர்.

"காலுல சிவப்பா ஒரு வளையம்கூட இருக்கே! பைலட், உங்களுக்கு ஏதாவது தெரியுதா?" என்றார் இயக்குநர்.

பைலட் பார்த்தார். வளையம் அல்ல, துடைப்பத்தில் அவர் சுற்றிக் கொடுத்த ஒயர். மேஜையில் அவருடைய உத்தரவு இன்னும் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இந்த முறை அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"தெரியும் சார். எங்க வீட்டுப் பறவைதான். இரைன்னு நினைச்சு அடிக்கலை. அது அதோட கூட்டைக் காப்பாத்தப் பாத்துது. நாமதான் சார், டிரோனைக் காப்பாத்திட்டு இருந்தோம்."