உச்சிக்குப் போன எவர்சில்வர் டப்பா

இந்த வருடம் வீட்டில் ஒரு முறையாவது ஜெயித்துவிடுவது என்று ரவிச்சந்திரன் முடிவு செய்தது பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். உரக்கச் சொன்ன சபதம் எதுவும் அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு வரை தாங்கியதில்லை.

விவகாரம் எல்.டி.சி. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 'குடும்பத்தோடு எங்கேயாவது போய்விட்டு வா' என்று அரசாங்கமே தன் ஊழியரை அனுப்பிவைக்கும் சலுகை. ரவிச்சந்திரன் கல்பாக்கத்தில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் அதிகாரி. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் கேட்டது இமயமலை. பனி, சிகரம், முதுகில் ஒரு பை. அவர் மனைவி ரோகிணி, மாமல்லபுரத்தில் போஸ்ட்மாஸ்டர், கேட்டது அந்தமான்.

"சமையக்கட்டு ஜன்னலத் திறந்தா கடல் தெரியுது. கடலப் பாக்க யாராவது கடலத் தாண்டிப் போவாங்களா?"

"இது உப்புத்தண்ணிங்க. அதுதான் கடல்."

"போன தடவை பூரி. அதுக்கு முந்தி கன்னியாகுமரி. அதெல்லாம் என்னவாம்?"

"அதெல்லாம் கரை. நான் இன்னும் தண்ணிக்குள்ள எட்டியே பாக்கல."

இந்த மாதிரி பதிலை அளக்க இதுவரை ஒரு கருவியும் வரவில்லை. அதனால்தான் சபதம். சபதத்திலிருந்து பந்தயம்.

இரண்டு வருடமாக ரவிச்சந்திரனுக்கு ஜியோகேஷிங் பைத்தியம். ஒருவர் எங்கேயாவது ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் போடுவார். மற்றவர்கள் கைப்பேசியும் கையுமாகத் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ரோகிணி இந்த விளையாட்டை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்: "வேலையத்தவங்க ஒளிச்சு வெப்பாங்க. அவங்களவிட வேலையத்தவங்க தேடுவாங்க."

"சரி, நான் ஒரு மலை உச்சியில பெட்டி ஒளிச்சு வெக்கறேன்," என்றார் ரவிச்சந்திரன், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து. "முப்பது நாளைக்குள்ள யாரும் கண்டுபிடிக்கலேன்னா இமயமலை. கண்டுபிடிச்சா அந்தமான்."

"யாரு கண்டுபிடிச்சாலுமா?"

"யாரு வேணா."

"ஜிபிஎஸ்ஸே இல்லாம?"

"மந்திரம் போட்டுக் கண்டுபிடிச்சாலும் சரி. ஒரு ஆடு வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டாக்கூட ஒத்துக்கறேன்!"

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். நான்கு ஷரத்துகள். நான்காவது, அவரே தன் பெருந்தன்மையில் சேர்த்தது: முப்பதாம் நாள் பெட்டியை உச்சியிலிருந்து எடுத்து வந்து மனைவியிடம் நேரில் காட்ட வேண்டும். தேதி, கையெழுத்து எல்லாம் ஆயிற்று. ரோகிணி கீழே தபால் முத்திரை குத்தாததுதான் பாக்கி.

பெட்டிக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் என்றால் குரங்கு கடித்துவிடும். ரோகிணி ஆபீஸ் போன நேரம் பார்த்து சமையலறை அலமாரியை ஆராய்ந்தார். ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டப்பாக்கள், மூன்றிலும் முறுக்கு. ஒன்றைக் காலி செய்து மற்ற இரண்டில் திணித்தார். காலி டப்பாவை ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கிவைத்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், மூடியின் விளிம்பை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கவிழ்த்து மட்டும் பார்க்கவில்லை. நோட்டையும் பென்சிலையும் போட்டு மூடினார்.

இடம் நரிப்பாறை மலை. அச்சிறுபாக்கத்துக்கு மேற்கே, பஸ் போகாத ஊருக்கும் அப்பால். போகும் வழியை யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வடக்கே செங்கல்பட்டு வரை ஓட்டிப்போய், ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே தெற்கே திரும்பினார். அடிவாரத்திலிருந்து மூன்று மணி நேரம். பாதை கிடையாது. முள் சட்டையைப் பிடித்தது, பாறை காலை வாரியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே பத்தடி கீழே சறுக்கி, மறுபடி ஏறினார். உச்சியில் போய் நின்றபோது காற்று அவரைப் பாராட்டியது. கிழக்கே மெல்லிய கோடாகக் கடல் தெரிந்தது. அதை ஓர் ஏளனப் பார்வை பார்த்தார்.

பெரிய பாறை ஒன்றின் அடியில் அருமையான ஒரு பொந்து. நிழல். ஈரம் இல்லை. தரை யாரோ துடைத்து வைத்தது போல வழவழவென்று இருந்தது. இயற்கையின் வேலைப்பாட்டை வியந்தபடி டப்பாவை உள்ளே தள்ளி, கல்லால் மறைத்தார். மனிதக் காலடி படாத இடம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச தூரத்திலேயே, இருபது ஆடுகளை முன்னால் விட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, கையில் ஒரு தூக்குச்சட்டியோடு ஒரு பெண்மணி மேலே வந்துகொண்டிருந்தாள்.

"இன்னா சார், வழி தப்பிட்ச்சா?"

"இல்லம்மா. சிகரம் ஏறிட்டு வரேன்."

"எந்த சிகரம்?"

ரவிச்சந்திரன் கம்பீரமாக மேலே கையைக் காட்டினார்.

"ஓ, மேலயா," என்றாள் அவள், மாடியைச் சொல்வது போல. "பாத்து எறங்கு. பேண்டு பின்னால கிழிஞ்சிகீது."

அன்று சாயங்காலமே செயலியில் அறிவிப்பு ஏறியது. பெட்டியின் பெயர் 'முடிந்தால் வா'. கஷ்டம்: ஐந்துக்கு ஐந்து. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. நோட்டில் கையெழுத்துப் போட்டதாக ஒருவரும் எழுதவில்லை. ரவிச்சந்திரன் நடையே மாறிவிட்டது. தெர்மல் உடுப்பு வாங்கி வீட்டுக்குள் போட்டுப் பார்த்தார். ஏப்ரல் மாதக் கல்பாக்கத்தில் அது ஒரு சாதனைதான்.

ரோகிணியிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. வழக்கமாக முறுக்கைத் தட்டில் எண்ணி வைப்பவள், ஐந்தாம் நாளிலிருந்து டப்பாவையே கொண்டுவந்து அவர் முன்னால் வைக்க ஆரம்பித்தாள். தோற்கப்போகிறவர்கள் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"மூணு பேரு கெளம்பினாங்க. ரெண்டு பேரு பாதி மலையிலயே திரும்பிட்டாங்க. ஜெபசிங்னு ஒருத்தர், இந்த மாவட்டத்துலயே கில்லாடி. 'உச்சி வரைக்கும் போனேன், எல்லாப் பொந்துலயும் கைய விட்டேன், அங்க பெட்டியே இல்ல'ன்னு எழுதியிருக்கார்!"

"அடப்பாவமே. இல்லையாமா?"

"இருக்கறத இல்லேங்கறார் பாரு. அப்படி ஒளிச்சிருக்கேன்!"

"பக்கத்துலயே இருந்தாக்கூட கண்ணுக்குத் தெரியாதுன்றீங்க."

"மூக்குக்கு நேரா இருந்தாலும் தெரியாது. அதுக்கெல்லாம் தனிக் கண்ணு வேணும்."

"அது சரிதான்," என்றாள் ரோகிணி. "இன்னொரு முறுக்கு எடுத்துக்கங்க. டப்பா கைக்கு எட்டுதா?"

"எட்டுது, எட்டுது."

இருபத்தைந்தாம் நாள் எல்.டி.சி. படிவத்தை நீட்டினாள். "கடைசி தேதி வந்துடுச்சு. கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிடுங்க. ஊரு பேர ஜெயிக்கிறவங்க எழுதிக்கலாம்."

"நியாயம்," என்றார் ரவிச்சந்திரன். காகிதம் வைத்து எழுத மேஜையில் இடம் இல்லை. முறுக்கு டப்பாவின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஜெயிக்கிறவன் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

முப்பதாம் நாள் திங்கட்கிழமை. ஆபீஸுக்கு லீவு போட்டார். விடிந்ததும் கிளம்பிவிட்டார். ரோகிணி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினாள்.

"எலுமிச்சம்பழ சாதம் கட்டியிருக்கேன். வழியில திறக்காதீங்க. உச்சிக்குப் போயிட்டு நிதானமா சாப்பிடுங்க."

மனைவியின் குரலில் இருந்த கனிவு அவரை உலுக்கிவிட்டது. பாவம், எவ்வளவு நாளாக அந்தமான் அந்தமான் என்று இருந்தாள். இமயமலையில் ஏதாவது ஏரி இருந்தால் காட்டிவிட வேண்டும். இந்த முறை சுற்றுவழி தேவைப்படவில்லை. நேராகப் போய், தோளில் பையோடு ஏறினார். மூன்று மணி நேரம் இரண்டரையாகக் குறைந்தது. வழியெல்லாம் பாட்டு. உச்சியில் நின்று ஊருக்கே கேட்கும்படி "ஹோ!" என்று கத்தினார். எதிர்ப்பாறை "ஹோ" என்றது. குனிந்து, கல்லை நகர்த்தி, பொந்துக்குள் கையை விட்டார்.

கைக்கு வந்தது ஒரு அலுமினியத் தூக்கு.

"யோவ் சார்! அத்தத் தொடாத. அது என் கூழு."

பின்னால் அதே பெண்மணி. அதே ஆடுகள்.

"இங்க ஒரு டப்பா இருந்துதேம்மா?"

"ஆமா, இருந்திச்சி. நீ வெச்சதா அது? பன்னெண்டு வருசமா இந்த எல்லம்மாளு தூக்கு வெக்கிற எடம் சார் இது. வந்து பாக்கறேன், எவனோ டப்பாவ வுட்டுட்டுப் பூட்டான். ஐயோ பாவம், வூட்ல பொண்டாட்டி கேக்குமேன்னு எடுத்துகினு போயி, பென்சன் குடுக்க வர்ற தபால்காரரு பன்னீர்செல்வத்தாண்ட குடுத்தேன். அவுருதான் அடியில எழுதிகீறத படிச்சாரு. 'இது நம்ம மேடத்துதாச்சே, தபால் பையில போட்டு அனுப்பிட்றேன்'னாரு. உள்ள கீற நோட்டுல என்னக் கையெழுத்து வேற போடச் சொன்னாரு. அவுரு கையெழுத்து வாங்காம எதையும் தொடமாட்டாரு."

"எப்ப... எப்ப எடுத்தீங்க?"

"நீ பேண்டக் கிழிச்சிகினு எறங்கிப் போனியே, அன்னிக்கித்தான். நீ முக்கு திரும்பக்கூட இல்ல."

ரவிச்சந்திரன் பாறையில் உட்கார்ந்தார். காற்று இப்போது யாரையும் பாராட்டவில்லை.

"அதுக்கு ஏன் சார் மூஞ்சி இப்டி போவுது?" என்றாள் எல்லம்மாள். "டப்பாவதான் பத்ரமா கையில வெச்சிகினு கீறியே!"

பையைப் பார்த்தார். துணியின் வாய் நெகிழ்ந்து, எவர்சில்வர் மூடி ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. மெதுவாக வெளியே எடுத்தார். இருபத்திரண்டு வருடத் திருமண வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டுப் பாத்திரம் ஒன்றைத் தூக்கிப்பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: 'ரோகிணி திருமணத்துக்கு அன்புப் பரிசு. தபால் ஊழியர்கள், மாமல்லபுரம். 2003.'

மூடியைத் திறந்தார். எலுமிச்சம்பழ சாதத்தின் மேல், பிளாஸ்டிக் உறைக்குள், அவருடைய நோட்டு. மனிதக் காலடி படாத இடம் என்ற அவருடைய வரிக்கு நேர் கீழே, கோணல்மாணலாக, ஆனால் முழுசாக: எல்லம்மாள். அதன் கீழே பன்னீர்செல்வம், தேதியோடு. அதன் கீழே ரோகிணி, தேதியோடு, தபால் முத்திரையோடு. பிறகு பக்கம் பக்கமாக அதே நிதானமான கையெழுத்து. 'ஐந்தாம் நாள். ரவிச்சந்திரன் வந்தார். பெட்டியைத் திறந்தார். நான்கு முறுக்கு. கண்டுபிடிக்கவில்லை.' 'ஆறாம் நாள். வந்தார். மூன்று முறுக்கு. கண்டுபிடிக்கவில்லை.' இப்படியே இருபத்தொன்பதாம் நாள் வரை.

கைப்பேசி அடித்தது. உச்சியில் சிக்னல் பிரமாதமாக இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"நாலாவது ஷரத்து ஞாபகம் இருக்கில்ல? உச்சியிலேர்ந்து எடுத்து வந்து என்கிட்ட நேர்ல காட்டணும். மறந்து அங்கயே வெச்சிட்டு வந்துடாதீங்க," என்றாள் ரோகிணி. "அந்தமான் கப்பல்ல முறுக்கு எடுத்துட்டுப் போக எனக்கு அந்த டப்பா வேணும்."