நின்னுக்கிட்டே மேட்டூர்

நாகமரையில இருக்குற மாமனார் வூட்டு மண்ணை இனிமே மிதிக்கறதில்லன்னு மாதவராஜ் சபதம் போட்டு மூணு வருசம் ஆச்சு. காரணம் ஒரு மீன் தலை.

ஆடிப் பதினெட்டு விருந்துல மூத்த மாப்ள எலையிலதான் மீன் தலை வுழுகணும். அது அந்த வூட்டு மரியாதை. அன்னைக்கு மாமனார் சென்னப்பன் அந்த மீன் தலையக் கொண்டுபோயி சின்ன மாப்ள எலையில போட்டுட்டாரு. மாதவராஜுக்கு வால்துண்டு. எலைய மூடிட்டு எந்திரிச்சவன்தான்.

இந்த ஆடிக்கும் பொண்டாட்டி சுகுணா கேட்டா. "ஏங்க, அப்பாவுக்கு கண்ணு மங்கிருச்சாம். ஒரு நடை போயிட்டு வந்துரலாமுங்க."

"எனக்கு சோலி இருக்குது. பதினெட்டன்னைக்கு ஒட்டனூர்லேருந்து மேட்டூருக்கு ஆத்து மேலயே போறேன்."

"பரிசல்லயா?"

"பரிசல் உங்கப்பன் ஓட்டுவாரு. நான் பலகையில போறேன். நின்னுக்கிட்டே!"

பலகைன்னா மரம் இல்லீங்க. காத்தடிச்சா மெத்தை கணக்கா உப்புற சமாச்சாரம். மேல நின்னு நீளத் துடுப்பால தள்ளணும். மாதவராஜ் வேல பாக்குற ஒகேனக்கல் லாட்ஜுல தங்குன பெங்களூர்க்காரரு, நாலு வாட்டி வுழுந்துட்டு, "நீயே வச்சுக்கப்பா"ன்னு குடுத்துட்டுப் போனது. நம்மாளு ஏரியில அஞ்சு நிமிசம் நின்னுட்டான். ஒடனே மேட்டூரு!

சுகுணா சண்டை போடுவான்னு பாத்தா, "போயிட்டு வாங்க"ன்னுட்டா. அப்பவே பயந்திருக்கணும்.

விடிய அஞ்சு மணிக்கு பலகையத் தூக்குனான்.

"இப்ப எங்க போறீங்க? ஒம்பதுலேருந்து ராகு காலம். முடிஞ்சு பதினோரு மணிக்கு எறங்குங்க."

"அஞ்சு மணிக்கு ஏதுடி ராகு காலம்?"

"நடு ஆத்துல புடிச்சுக்குமே, பரவால்லியா?"

பரவால்லன்னு சொல்ல அவனுக்கு தகிரியம் இல்ல. பதினோரு மணிக்கு ஒட்டனூர் கரையில மெதவை சட்டைய அவளே மாட்டிவிட்டு ரெட்டை முடிச்சு போட்டா. ரப்பர் பையி ஒண்ண பலகையில கட்டுனா. "மாத்துத் துணியும் கட்டுச்சோறும் இருக்குது. முடியலன்னா உக்காந்துக்கங்க. அருள்குமாரு கூட சொன்னாரு, சகலை எங்க நிப்பாரு, உக்காந்துருவாருன்னு."

அருள்குமாருதான் அந்த சின்ன மாப்ள.

"உக்காந்தா என் பேரு மாதவராஜ் இல்ல!"

ஒரு மணி நேரம் ராசா மாதிரி போனான். அப்பறம் மேக்கேருந்து காத்து வந்துச்சு. மேட்டூர் பாத்து தள்ளுறான், பலகை கெழக்குக் கரைக்கே போவுது. உக்காரலாம்னு முட்டிய மடக்குனா அருள்குமாரு மூஞ்சி தெரியுது. நின்னான். காத்து அவனையே கப்பல் பாயாக்கி இழுத்துக்கிட்டுப் போயி, நாலு மணிக்கு ஒரு கரைச் சேத்துல குப்புறத் தள்ளுச்சு.

தலையத் தூக்குனான். எதுத்தாப்புல சுகுணா, பட்டுச்சேலையில.

"வாங்க. ஏரியூர் பஸ்ஸுல ரெண்டு மணிக்கே வந்துட்டேன்."

"ஏ... இது நாகமரையாடி? சபதம் போச்சே!"

"எங்க போச்சு? மண்ணை மிதிக்க மாட்டேன்னுதான சொன்னீங்க. காலு படலியே, மூஞ்சிதான பட்டுது."

"நான் இங்க வருவேன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பரிசல்காரர் மவளுக்குத் தெரியாதா? ஆடி மாசம் மத்தியானத்துக்கு மேல மேல்காத்து. நிக்குற எதுவும் இந்தக் கரைக்குத்தான் வரும்."

பையத் தொறந்தா கட்டுச்சோத்தக் காணோம். அவனோட பட்டு வேட்டி, தேங்கா, பழம், வெத்தல பாக்கு. மாமியா வூட்டுச் சீரு!

சென்னப்பன் தடுமாறி வந்து, கையாலயே மாப்ள மூஞ்சியத் தடவிப் பாத்தாரு. "எளச்சிட்டீங்க மாப்ள. அன்னைக்கு நான் பண்ணது தப்புதான்."

"அவரு என்னத்தப் பண்ணாரு?"ன்னா சுகுணா. "தலைய சின்னவருக்குப் போடச் சொன்னதே நானு. கல்யாணத்தப்ப தலை தின்னு தொண்டையில முள்ளு மாட்டி, பென்னாகரம் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடந்தீங்களே. சபையில அதைச் சொன்னா உங்களுக்கு அசிங்கம்னு அப்பா வாய மூடிக்கிட்டாரு."

"வூட்டுலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பேச்செடுத்தாலே டிவி சத்தத்தக் கூட்டுனது யாரு?"

மாதவராஜ் மாமனார் கண்ணப் பாத்தான். மூணு வருசத்துக்கு முன்ன நல்லாத் தெரிஞ்ச கண்ணு. இன்னைக்கு மாப்ள பட்டு வேட்டி கட்டுனாலும் அந்த மனுசனுக்குத் தெரியாது.

எலை போட்டாங்க. சென்னப்பன் தடவித் தடவி மீன் தலைய மூத்த மாப்ள எலையில வெச்சாரு. சுகுணா பக்கத்துல உக்காந்து முள்ளு எடுக்க ஆரம்பிச்சா.

"வாயத் தொறங்க."

நின்னுக்கிட்டே மேட்டூர் போகப் பொறப்பட்டவன், சம்மணம் போட்டு உக்காந்து வாயத் தொறந்தான்.