ஐந்து ஸ்பீக்கரும் என் வலது காதும்

இனிமேல் எங்கள் வீட்டு டிவியில் ஒரு வசனம்கூட என்னிடமிருந்து தப்பிக்கக் கூடாது. போன ஆவணியில் இப்படி ஒரு முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் எனக்கு எப்போதுமே சிரமம் கிடையாது. அதற்கப்புறம் நடப்பதில்தான் சிரமம்.

என் பெயர் தனசேகர். குமாரபாளையத்தில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறேன். தறிப்பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சோறு. பன்னிரண்டும் ஒன்றாக ஓடும்போது எதில் கோளாறு என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட ஆளைப் பார்த்து என் மனைவி கலைமணி ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் காது மந்தமாயிட்டு வருதுங்க."

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரஞ்சிதா விரல் நீளத்துக்கு ஒரு குச்சியை அனுப்பியதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. டிவிக்குப் பின்னால் சொருகினால் உலகத்தில் எடுக்கிற தொடர் எல்லாம் தமிழ் பேசிக்கொண்டு வந்துவிடும். மாலை ஏழிலிருந்து எட்டு வரை நானும் கலைமணியும் ஒரு கொரியத் தொடர் பார்க்க ஆரம்பித்தோம். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அவள் அடுப்படியில், நான் பட்டறையில்.

அந்த ஒரு மணி நேரமும் இப்படிப் போனது.

"அவன் என்ன சொன்னான்?"

"செத்துப்போயிட்டாருன்னானுங்க."

"யாரு?"

"அப்பன்."

"யாரோட அப்பன்?"

"ஐயோ, அந்தப் புள்ளையோட அப்பனுங்க!"

"எந்தப் புள்ள?"

அதற்குள் அப்பனுக்குக் காரியமே முடிந்திருக்கும். கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருப்பேன்.

நான் நிதானமாக யோசித்தேன். பத்து வருஷமாக இதே டிவியில் செய்தி கேட்டது, சீரியல் கேட்டது. குச்சி வந்தபிறகு கேட்கவில்லை. அப்படியானால் கோளாறு காதிலா, குச்சியிலா? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

போனில் படித்தேன். இந்தத் தொடர்களில் சத்தம் ஆறு வழியாக வருகிறதாம். பேச்சுக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர் வேண்டுமாம். வெறும் டிவியில் கேட்டால் மியூசிக் வந்து பேச்சை முழுங்கிவிடுமாம். கலைமணிக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். மறுநாளே 4கே பெட்டி வந்தது. பெட்டிக்கு ஏற்ற பெரிய டிவி வந்தது. சுற்றி வைக்க ஐந்து ஸ்பீக்கர். சோபாவுக்கு அடியில் தும்தும்மென்று அதிர குண்டாக ஒரு வூஃபர்.

போட்ட முதல் நாளே பக்கத்து வீட்டுத் தீர்த்தகிரி அண்ணன் காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டினார்.

"தனசேகரு, ஊட்டுக்குள்ள போர் போடறயா?"

"சரவுண்டு சவுண்டுங்கண்ணா."

"எத்தன அடில தண்ணி வந்துச்சு?"

படம் மட்டும் குறை சொல்ல முடியாது. கதாநாயகனின் கண்ணிமை முடியை எண்ணலாம். உதடு அசைவது அவ்வளவு துல்லியம். ஆனால் அந்தத் துல்லியம்தான் வினை. அவன் உதடு ஒன்று சொன்னது, சத்தம் வேறென்னவோ சொன்னது. முன்பாவது பாதி புரிந்தது. 4கே வந்தபிறகு சுத்தமாகப் புரியவில்லை. கடைக்காரர்கள் இரண்டு தடவை வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் பள்ளிபாளையம் ரோட்டைக் கடக்கும்போது கலைமணி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பொத்தான் இரண்டு தெறித்தது. என் மூக்குக்கு முன்னால் டவுன் பஸ் ஒன்று போனது.

"ஆரன் அடிச்சானே, கேக்கலீங்களா?"

"அவன் அடிக்கல."

"ரோட்டுல அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்களே!"

"அவங்க பஸ்ஸப் பாத்திருப்பாங்க."

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்.

"சேலத்துல காது பாக்கற எடம் இருக்குதாமுங்க. ஒருக்கா போயிட்டு வந்தர்லாம்."

"காதுல மிசினு மாட்டிக்கிட்டுப் பட்டறைக்குள்ள போனா என்ற மருவாதி என்னாவறது? அந்தப் பேச்சையே எடுக்காத."

அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள். கலைமணி பேசாமல் போய்விட்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு நாள் கழித்து அவளே வந்தாள்.

"நீங்க சொன்னதுதானுங்க சரி. கோளாறு அந்த செட்டுலதான். சேலத்துலருந்து ஒரு சவுண்டு இஞ்சினியர வரச் சொல்லியிருக்கறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி 'நீங்க சொன்னதுதான் சரி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த சந்தோஷத்தில் வேறெதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்சினியர் வந்தாள். பிரீத்தி என்று பெயர். ரஞ்சிதா வயதுதான் இருக்கும். லேப்டாப், ஒரு பெட்டி, பெரிய ஹெட்போன். என்னை சோபாவின் நடுவில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். வீட்டுக்காரர் உட்காருகிற இடத்தில் வைத்துத்தான் சத்தத்தை அளக்க வேண்டுமாம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன்.

"டூ... டூன்னு சவுண்டு வருமுங்க சார். கேட்டா அமுத்துங்க. கேக்காட்டி சும்மா இருங்க."

சும்மாவா இருப்பேன்? கம்பெனிக்காரர்களின் குட்டை உடைக்கக் கிடைத்த சந்தர்ப்பம்.

"எழுதிக்க அம்மணி, இது வரல! இதுவும் வரல! வலது பக்கம் ஒண்ணுமே வரல! பாத்தயா கலை, நான் அன்னிக்கே சொன்னனில்ல?"

"சொன்னீங்க, சொன்னீங்க" என்றாள் கலைமணி.

"இடது பக்கமும் கீச்சு சத்தமெல்லாம் வரல. நல்லா எழுதிக்க. ஒண்ணையும் விட்ராத!"

பிரீத்தி ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்தது ஹெட்போனுக்குள் தறி ஓடுகிற சத்தம். எங்கள் பட்டறையில் கலைமணி போனில் பதிவு செய்து வைத்திருந்ததாம். கேட்டதுமே எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. "ஆறாம் நம்பர் தறியில பெல்ட் தொளதொளங்குது" என்று சொன்னேன். டிவியில் ஒரு பெண் செய்தி வாசிக்க ஆரம்பித்தாள். அவள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பிரீத்தி கையைக் காட்டினாள். இதென்ன பிரமாதம்? சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மழை, மேட்டூரில் நீர்வரத்து, முட்டை விலை என்று மளமளவென்று ஒப்பித்தேன். ஒரு வார்த்தை தவறவில்லை.

"இப்பத்தான் சவுண்டு கணீர்னு வருது! எப்படி அம்மணி சரி பண்ணுன?"

பிரீத்தி ஹெட்போனைக் கழற்றினாள். ஹாலில் மின்விசிறி சத்தம் மட்டும் இருந்தது. செய்திப் பெண்ணின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. டிவியின் மூலையில் ஒரு ஸ்பீக்கர் படம், அதன் குறுக்கே ஒரு கோடு.

"ஆரம்பத்துலருந்தே மியூட்டுலதானுங்க இருக்குது" என்றாள் கலைமணி.

நான் எழுந்து போய் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"சார், நான் சவுண்டு இஞ்சினியர் இல்லீங்க. சேலத்துல காது பாக்கறவ" என்றாள் பிரீத்தி. "தறிச் சத்தத்துல யாருக்குமே பேச்சு கேக்காது. பட்டறைல எல்லாரும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துத்தான் பேசிக்குவீங்க. அதே பழக்கத்துல உங்களுக்கே தெரியாம ஊட்டுலயும் வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறீங்க. கொரியாக்காரன் வாய் கொரியப் பாஷை பேசுது. அதுல எப்படீங்க தமிழ் தெரியும்?"

நான் கலைமணியைப் பார்த்தேன்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"கொரோனா அப்பவேங்க. மாஸ்க் போட்டதும் ஊரே முணுமுணுக்குதுன்னு சொன்னீங்களே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க. நானும் மாஸ்க் போட்டுருந்தேன்."

"சரி, இன்னிக்காவது காது டெஸ்ட்டுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எல்லாத்துக்கும் கேக்குது கேக்குதுன்னு அமுத்தியிருப்பீங்க."

அது உண்மை. கேட்காததைக் கேட்கவில்லை என்று என் வாயாலேயே, அதுவும் கத்திச் சொல்ல வைத்துவிட்டாள். 'எழுதிக்க' என்று வேறு சொன்னேன்.

பத்து நாளில் மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் பயறு மாதிரி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முதல் நாள் மாட்டியதும் வேப்பமரத்தில் அணில் கத்தியது கேட்டது. அது அங்கே குடியிருப்பதே எனக்குத் தெரியாது. அடுப்படியில் எண்ணெய் பொரிவது கேட்டது. அப்புறம் கலைமணி என் பக்கத்தில் வந்து, "கேக்குதுங்களா?" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அவள் குரல் இவ்வளவு மெதுவானது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. எனக்காக இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசியிருக்கிறாள். அன்றைக்கு ரோட்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்ததும் அவள்தான். கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி கலை" என்றேன்.

"மிசினு மூளைக்கும் போயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அன்று மாலை கொரியத் தொடரில் மாமியார் செத்தாள். யாருடைய மாமியார் என்று கேட்காமலே அழுதேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பட்டறையிலும் ஒருவனும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் தனியாக வந்து பிரீத்தியின் போன் நம்பர் கேட்டார்கள்.

மெஷினை போனில் இணைத்தால் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், போன் பேச்சும் இரண்டு பக்கமும் மெஷின் வழியாகவே போகும் வரும் என்றாள் பிரீத்தி. "எனக்கு அந்த எழவெல்லாம் தெரியாது, கலை போன்லயே போட்டுரு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை தொடரின் கடைசி மூன்று பகுதி. சோபாவில் சாய்ந்தேன். ஐந்து ஸ்பீக்கரும் முழங்கின. அடுப்படியிலிருந்து கலைமணி ஏதோ சொன்னாள். ஆட்டையாம்பட்டியில் அவள் அக்கா வீட்டுச் சீருக்கு இப்போதே கிளம்ப வேண்டுமாம். தெளிவாகக் கேட்டது. ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கேட்காத மாதிரி டிவியையே பார்த்தேன். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. என்ன செய்துவிடுவாள்?

சட்டென்று ஐந்து ஸ்பீக்கரும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. என் இரண்டு காதுக்குள்ளும் கலைமணியின் குரல் இறங்கியது. கத்தவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிசுகிசுவென்றுதான் பேசினாள்.

"நீல சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு வண்டிய வெளிய எடுங்க."

"இவ தொல்லை பெருந்தொல்லை" என்று வாய்க்குள் முனகிக்கொண்டே எழுந்தேன்.

"அதுவும் கேட்டுச்சுங்க" என்றது காதுக்குள்.